சொல்தாவின் பியட்

ஆத்மாவுக்கு அழிவில்லை. உடம்பு மண்ணுக்குப் போகும், பெயர் ரேஷன் கார்டிலிருந்து போகும், ஆத்மா மட்டும் எங்கேயும் போகாமல் தன் காரியம் முடிகிறவரை இங்கேயே காத்து நிற்கும். ஞானிகள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது இது. ஆனால் அப்படிக் காத்து நிற்கிற ஆத்மா கார்புரேட்டரைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி வைக்கும் என்று ஒரு ஞானியும் சொல்லிவைக்கவில்லை.

அதனால்தான் வெற்றிச்செல்வன் மாட்டிக்கொண்டார்.

மணி இரவு பதினொன்றே முக்கால். வில்லியனூர் சாலை. மூலக்குளம் தாண்டி, கடைசி பரோட்டாக் கடையும் கல்லைக் கழுவிக் கவிழ்த்துவிட்ட நேரம். சாலையில் ஆள் இல்லை, நாய் இல்லை... ஒரே ஒரு ஸ்கூட்டர் வருகிறது. ஓட்டுகிறவர் மடியில் ஒரு தலையணை. ஹேண்டில்பாரில் தொங்கும் பையில் கொசுவத்தி, டார்ச், தண்ணீர் பாட்டில், ஒரு கரும்பு வெட்டுகிற கத்தி.

கத்தி எதற்கு என்று கேட்காதீர்கள். அவருக்கே தெரியாது.

யார் இந்த வெற்றிச்செல்வன்? நம் கூட்டாளி ஆனந்தராஜின் சகலை. அக்காவைக் கட்டியவர் அவர், தங்கையைக் கட்டியவன் ஆனந்தராஜ். ஆனந்தராஜ் இன்று இங்கே இல்லை, அதனால் தைரியமாகச் சொல்லலாம். இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள். அந்த ட்யூப்லைட்டை அணைத்துவிட்டால்... சரி, வேண்டாம். எரியட்டும்.

வெற்றிச்செல்வன் அரசாங்க ஆபீசில் எழுத்தர். இருபது வருஷமாக ஒரே நாற்காலி. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரைச் சாலையில் பழைய கார்கள் வரிசையாக நின்றதைப் பார்த்தார். ஒவ்வொரு காருக்குப் பக்கத்திலும் தொப்பி போட்ட ஒருவர் நின்றுகொண்டு, சனங்கள் போட்டோ எடுக்க எடுக்கப் பெருந்தன்மையாகச் சிரித்துக்கொண்டிருந்தார். தாம் பிறவி எடுத்த காரணம் வெற்றிச்செல்வனுக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. அடுத்த வாரம் தொப்பி வாங்கினார். அதற்கடுத்த மாதம் கார்.

தொப்பிதான் புதுசு. கார், ஒரு சொல்தா வீட்டு முருங்கை மரத்தடியில் நான்கு வருஷமாக நின்ற பியட். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கியவர்களை இங்கே சொல்தா என்போம். சொல்தா ரத்தினவேலு செத்துப் போய் நான்கு வருஷம். டயரில் காற்று இல்லை. டிக்கிக்குள் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அவருடைய சம்சாரம் செல்வாம்பாள், பழைய இரும்புக்காரன் சொன்ன விலைக்கே காரைக் கொடுத்துவிட்டார். கோழியைக் கொடுக்கவில்லை.

வாங்கிய கையோடு வெற்றிச்செல்வன் 'புதுவைப் பழங்கார்ப் பண்பாட்டுக் கழகம்' என்று ஒரு வாட்ஸாப் குழு தொடங்கினார். நிறுவனத் தலைவர் அவரே. உறுப்பினர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் கை தவறிச் சேர்க்கப்பட்ட தண்ணீர் கேன் போடுகிறவர். 'குறைந்த செலவில் மறுபிறவி' என்று தினமும் காலையில் தலைவர் அதில் ஒரு பதிவு போடுவார். கேன்காரர் மட்டும் கும்பிடு போடுவார்.

பதினான்கு மாதம் ஆயிற்று. கார் ஒரு தடவைகூட ஸ்டார்ட் ஆகவில்லை.

மூலக்குளத்துக்கு அப்பால் வேம்புவின் தகர ஷெட்டில்தான் கார் நின்றது. வேம்புவுக்கு ஐம்பத்தைந்து வயது, முட்டி வலி, நல்ல கைவேலை. வெற்றிச்செல்வன் தினமும் சாயங்காலம் வந்து, இடது பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு உத்தரவு போடுவார்.

"சார், மொதல்ல இன்ஜினப் பாத்துருவோம். லைட்டெல்லாம் அப்பறம் போட்டுக்கலாம்" என்பார் வேம்பு.

"இன்ஜின் உள்ள இருக்கற சாமான் வேம்பு. யாரு பாக்கப் போறா? மொதல்ல வெளிய தெரியறதச் செய்யுங்க."

வெளியே தெரிகிறது எல்லாம் வந்தது. வண்டியின் அடியில் நீல விளக்குச் சரம். ஆறு பாட்டுப் பாடுகிற ஹாரன். டேஷ்போர்டை அறுத்து அதில் ஒரு தொடுதிரை. அங்கே இருந்த பழைய ரேடியோவைப் பழைய இரும்புக் கடையில் போட்டு, வந்த காசில் தொடுதிரைக்கு உறை வாங்கினார். உள்ளே தெரியாதது எல்லாம் வெற்றிச்செல்வனின் சிக்கனத்தில் நடந்தது. ரேடியேட்டர் குழாய் ஓட்டைக்குச் சைக்கிள் ட்யூப். ஃப்யூசுக்குச் சிகரெட் பெட்டியின் ஜிகினாத்தாள். கார்புரேட்டர் விரிசலுக்குக் குழாய் ஒட்டுகிற பசை.

இதெல்லாம் அவர் பாட்டுக்கு நடந்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. நடுவில் மச்சான் கல்யாணம் வந்தது.

மனைவி சுடர்விழியின் தம்பி அருள்முருகன். தவளக்குப்பத்தில் மண்டபம். மாப்பிள்ளை அழைப்புக்கு மாமனார் நாராயணசாமி ஒரு கார் பார்த்து வைத்திருந்தார்.

"வெள்ளக் காரு மாப்ள. பூ ஜோடிச்சே வருது. ட்ரைவரும் அவங்களே. அட்வான்ஸ் குடுத்துடட்டுமா?"

"நம்ம வீட்டுப் புள்ள வாடக வண்டில வந்து எறங்கறதா மாமா?" வெற்றிச்செல்வன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "அப்பறம் நம்ம பாரம்பரியம் இன்னாவறது?"

நாராயணசாமி வீட்டுப் பாரம்பரியம் மாட்டு வண்டி. இருந்தாலும் மூத்த மாப்பிள்ளை சொல்லிவிட்டாரே என்று தலையாட்டினார். வெள்ளைக் கார் கைவிட்டுப் போயிற்று. கல்யாண சீசன், வேறு காரும் கிடையாது. பத்திரிகை கொடுக்கப் போன வீட்டிலெல்லாம் "எங்க மூத்த மாப்ள கார்ல" என்று சொல்லி ஆயிற்று. கார் நகரவில்லை என்றால் இரண்டு ஊர் சனத்துக்கு முன்னால் மாப்பிள்ளை நடந்து வரவேண்டும்.

"மாமா, நான் பைக்லயே வந்துடறேன். ஒண்ணும் தப்பில்ல" என்றான் அருள்முருகன். நல்ல பையன். நல்லபடியாகச் சொன்னதுதான் வெற்றிச்செல்வனுக்குக் குத்தியது.

சுடர்விழி சுற்றி வளைக்கவில்லை. "அன்னிக்கு அந்தத் தொப்பியப் போட்டுக்கிட்டு எங்கப்பா மொகத்துல முழிக்கணும்ல? அத மட்டும் நெனச்சுக்கோங்க."

கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது ஆரம்பித்தது.

முதல் நாள் காலை ஷெட்டைத் திறந்தால், வண்டிக்கு அடியில் ஒட்டியிருந்த நீல விளக்குச் சரம் பானெட் மேல் இருந்தது. பெண்பிள்ளை தலை ரிப்பனைச் சுற்றி வைப்பதுபோல அழகாகச் சுற்றி. மறுநாள் ஆறு பாட்டு ஹாரன். தரையில் ஒரு பேப்பர் விரித்து, அதன்மேல் ஹாரன், பக்கத்தில் அதன் போல்ட்டுகள், பெரிசிலிருந்து சிறிசு வரை வரிசையாக. விரித்திருந்தது பிரெஞ்சுப் பேப்பர்.

ஷட்டர் பூட்டியபடி இருந்தது. சாவி ஒன்றே ஒன்று. கார் பத்திரம் என்று வேம்புவிடமிருந்து வாங்கியது, வெற்றிச்செல்வனின் அரைஞாண் கயிற்றில்.

"வேம்பு, கூலிய ஏத்தணும்னா நேரா கேளுங்க. ராத்திரில பூந்து கழட்டி வெக்கற வேல வேணாம்."

"சார், நான் பகல்லயே கழட்டறதுக்கு ரெண்டு தடவ யோசிக்கற ஆளு. ராத்திரில எவன் வருவான்?"

"அப்ப யாரு கழட்னது?"

"யாரா இருந்தா இன்னா சார்? கையப் பாருங்க. ஒரு ஸ்க்ரூ தல தேயல. நம்ம பசங்க கழட்டிருந்தா பாதிய காக்கா தூக்கினு போயிருக்கும்."

வெற்றிச்செல்வன் எல்லாவற்றையும் திரும்ப மாட்டச் சொன்னார். வேம்பு மாட்டினார். காலையில் கழன்றிருந்தது. மறுபடி மாட்டினார். மறுபடி கழன்றிருந்தது. ஸ்டார்ட் ஆகாத கார் ஒருபக்கம், நிலைக்காத அலங்காரம் ஒருபக்கம். ஆபீசில் வெற்றிச்செல்வன் மனு கொடுக்க வந்தவர்களிடம் காரணமே இல்லாமல் மரியாதையாகப் பேசினார்.

ஐந்தாம் நாள் தொடுதிரையும் பேப்பர் மேல் வந்திருந்தது. டேஷ்போர்டில் அது இருந்த ஓட்டையில்... பழைய ரேடியோ. அதே ரேடியோ. பழைய இரும்புக் கடையில் போட்டு, அவன் சுத்தியால் உடைத்ததை வெற்றிச்செல்வன் கண்ணால் பார்த்த ரேடியோ. மேலே ஒரு கீறல் இல்லை.

அன்று சாயங்காலம் அவர் செல்வாம்பாள் வீட்டுக்குப் போனார். காருக்கு இன்னொரு சாவி யாரிடமாவது இருக்குமோ என்று விசாரிக்க. அந்த அம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"பேரு மாத்திட்டீங்களா தம்பி?"

"இன்னாதும்மா?"

"வண்டி புக்குல பேரு. அவுரு பேர்லேருந்து உங்க பேருக்கு."

வெற்றிச்செல்வன் மாற்றவில்லை. பழைய வண்டிக்குப் பெயர் மாற்றப் போனால் வரி, எஃப்.சி., புகை சர்டிபிகேட் என்று ஒன்று மாற்றி ஒன்று கேட்பார்கள். ஓடாத காருக்கு எதற்கு என்று விட்டுவிட்டார். ஆனால் பதில் தானாக வாயில் வந்தது, இருபது வருஷமாக மனு கொடுக்க வருகிறவர்களுக்குச் சொல்லி வந்த பதில்.

"ப்ராசஸ்ல இருக்கும்மா."

"அப்ப இன்னும் அவுரு வண்டிதான்." அம்மாள் முறத்தை ஒரு தட்டுத் தட்டினார். "அவுரு வண்டிய அவுரு பாத்துக்கறாரு. இதுல நான் சொல்றதுக்கு இன்னா இருக்குது?"

வெற்றிச்செல்வன் நம்பவில்லை. அரசாங்க ஊழியர், ஆவியை நம்ப முடியுமா? எவனோ பொறாமைக்காரன், தமது கழகத்தின் வளர்ச்சி பொறுக்காதவன், கள்ளச்சாவி போட்டு வருகிறான் என்று முடிவு கட்டினார். மாப்பிள்ளை அழைப்புக்கு முந்தின ராத்திரி, கையும் களவுமாகப் பிடிக்கத் தலையணையோடு கிளம்பினார்.

இப்போது அந்தப் பதினொன்றே முக்காலுக்கு வந்துவிட்டோம்.

ஷட்டரை உள்ளே இருந்து இழுத்துப் பூட்டினார். சாவியை அரைஞாணில் முடிந்தார். பின்சீட்டில் கால் மடக்கிப் படுத்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். கத்தியைத் தலைமாட்டில் வைத்தார். தகரக் கூரை சூடு ஆறி, அவ்வப்போது டப்... டப்... என்று சொடுக்கியது. அப்புறம் அதுவும் நின்றது.

பன்னிரண்டு பத்து. கொசுவத்தி அணைந்தது. காற்று இல்லை.

முதலில் வாசனை. மண்ணெண்ணெய். அதோடு சோம்பு... குழம்புக்குத் தாளிக்கிற சோம்பு இல்லை. சொல்தாக்கள் சாயங்காலமானால் தண்ணீர் விட்டுக் குடிப்பார்களே, விட்டதும் பால் மாதிரி வெளுக்குமே, அந்தச் சரக்கின் சோம்பு.

பிறகு சத்தம். டிங்... சிமெண்டுத் தரையில் ஸ்பேனர். போடுகிற சத்தம் இல்லை, வைக்கிற சத்தம். டிங்... சற்றுப் பொறுத்து, டிங்...

பானெட் திறந்தது. கார் ஒருமுறை லேசாக அமுங்கி எழுந்தது.

"த்ச்."

அவ்வளவுதான் பேச்சு. சைக்கிள் ட்யூப் சுற்றியிருந்த இடத்துக்கு ஒரு "த்ச்". ஜிகினாத்தாள் வைத்திருந்த இடத்துக்கு இரண்டு. இடையில் எதையோ அரம் போட்டுத் தேய்க்கிற சத்தம், ஊதுகிற சத்தம், துணியால் துடைக்கிற சத்தம். கார்புரேட்டரில் பசை தடவியிருந்த இடத்துக்கு வந்ததும் எல்லாச் சத்தமும் நின்றுபோயிற்று. பிறகு பிரெஞ்சில் ஒரே ஒரு வார்த்தை. அடுத்த வாரம் ஆபீசில் பிரெஞ்சு தெரிந்த மணியம்மாளிடம் அதற்கு அர்த்தம் கேட்டபோது, அவர் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

கத்தி கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. கைதான் வெற்றிச்செல்வனுக்கு எட்டவில்லை. போர்வைக்குள் கண்ணை இறுக்கிக்கொண்டு கிடந்தார். பயம் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிசாக வேறொன்று இருந்தது என்று பிற்பாடு ஆனந்தராஜிடம் ஒத்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் நோட்டைத் திருத்தும்போது பக்கத்தில் நிற்பதுபோல இருந்ததாம்.

மூன்று மணி இருக்கும். டிரைவர் பக்கத்துக் கதவு திறந்தது. முன்சீட்டு ஸ்பிரிங் க்ரீச்... என்று அமுங்கியது. ஒரு ஆளின் கனம். சீட்டின் பின்பக்கம் வெற்றிச்செல்வனின் முட்டியில் வந்து இடித்தது.

இன்ஜின் ஸ்டார்ட் ஆனது.

பதினான்கு மாதம் கெஞ்சியும் மிரட்டியும் கற்பூரம் காட்டியும் வராத இன்ஜின். இருமவில்லை, உதறவில்லை. தையல் மெஷின் மாதிரி சீராக ஓடியது. பத்து நிமிஷம். அப்புறம் அணைந்தது. ஸ்பிரிங் மேலே எழுந்தது. கதவு அறைந்து சாத்தவில்லை. கொஞ்சம் தூக்கி, உள்ளே ஒரு அழுத்து. க்ளிக். அந்தக் கதவு அப்படித்தான் சாத்தும் என்று வேம்புவுக்கே தெரியாது.

சோம்பு வாசனை போய் வெகுநேரம் கழித்துத்தான் வெற்றிச்செல்வன் அரைஞாணைத் தடவிப் பார்த்தார். இரண்டு சாவியும் இருந்தன. ஷட்டர் சாவி, கார் சாவி.

காலை ஏழு மணிக்கு வேம்பு ஷட்டரைத் தட்டினார். மொபெட்டின் முன்னால் கார் பேட்டரி. இரண்டு நாளாக அவர் வீட்டில்தான் சார்ஜில் இருந்தது.

பேட்டரியை மாட்டப் போன வேம்பு, பானெட்டுக்குள் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். சைக்கிள் ட்யூப், ஜிகினாத்தாள், பசைத் துணுக்குகள் எல்லாம் பிரெஞ்சுப் பேப்பரில் வரிசையாகக் கிடந்தன.

"சார்... யாரு வந்தது? பாயிண்ட் செட் பண்ணிக்கிறான். வால்வு செட் பண்ணிக்கிறான். இந்த வேல தெரிஞ்ச ஆளு இன்னிக்கு நம்ம ஊர்ல இல்ல சார்."

வெற்றிச்செல்வன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நான்தான்."

வேம்பு அவர் விரல் நகங்களைப் பார்த்தார். சுத்தமாக இருந்தன. பேட்டரியை மாட்டி, கார் சாவியை வாங்கித் திருப்பினார். அரைச் சுற்று. தையல் மெஷின்.

மறுபடி எதையும் மாட்ட வேண்டாம் என்று வெற்றிச்செல்வன் உத்தரவிட்டார். 'ஒரிஜினலைக் கெடுக்காமல் காப்பதே நம் கழகத்தின் தொடக்க நாள் கொள்கை' என்று குழுவில் பதிவு போட்டார். கேன்காரர் கும்பிட்டார்.

மத்தியானம் வேம்பு ஓட்ட, வெற்றிச்செல்வன் இடது சீட்டில் தொப்பியோடு உட்கார, கார் அரியாங்குப்பம் தாண்டித் தவளக்குப்பம் போய்ச் சேர்ந்தது. ஊர்வலத்திலும் வேம்புதான் ஓட்டுவதாக ஏற்பாடு. காருக்குச் சொந்தக்காரர் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காருவதுதான் கௌரவம் என்று வெற்றிச்செல்வன் எல்லோரிடமும் விளக்கியிருந்தார்.

ராத்திரி ஏழரை. பிள்ளையார் கோயில் வாசல். மேளம், செண்டை, ஆள் உயரத்துக்குப் பூவாணம். பின்சீட்டில் மாலையோடு அருள்முருகன், ஒரு பக்கம் தோழனாக ஆனந்தராஜ், மறுபக்கம் வெற்றிச்செல்வன். கார் முழுக்கச் சம்பங்கி. புறப்படும் நேரத்தில், சக்கரத்துக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழம் வாங்கி வரவில்லை என்று ஞாபகம் வந்து, வேம்பு எதிர்க் கடைக்கு ஓடினார்.

போட்டோக்காரன் அந்த நேரம் பார்த்து, "சார், காரு ஓனரு ஸ்டியரிங்ல கைய வச்சா மாதிரி ஒண்ணு" என்றான்.

வெற்றிச்செல்வனால் அதை மறுக்க முடியுமா? டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். தொப்பியைச் சாய்த்துக்கொண்டார். இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தார். ஃபிளாஷ் அடித்தது. செண்டை இடித்தது.

கார் புறப்பட்டது.

ஆனந்தராஜ் இன்றைக்கும் சொல்வான், அப்படி ஒரு மாப்பிள்ளை அழைப்பை அவன் பார்த்ததில்லை என்று. முதல் கியரில், மேளத்துக்கு இணையாக, ஒரு குலுக்கல் இல்லாமல் கார் போயிற்று. கரும்பு ஜூஸ் கடை முக்கில் ஒரு திருப்பம். இடது பக்கம் மூடாத சாக்கடை, வலது பக்கம் பூவாணம் கொளுத்துகிற பையன்கள். பெரிய டிரைவர்களே இறங்கிப் பார்க்கிற இடம். இரண்டு விரல் இடைவெளியில் வளைந்து போனது. வெற்றிச்செல்வன் திரும்பவில்லை, பேசவில்லை, கண்ணை இமைக்கவில்லை. கர்வம் என்று சனங்கள் நினைத்தார்கள். கார் முழுக்கச் சம்பங்கி இருந்தும், உள்ளே சோம்பு வாசனைதான் அடித்தது என்று ஆனந்தராஜுக்கு ஞாபகம்.

மண்டப வாசலில் பெண்ணின் அம்மா தனம் ஆரத்தித் தட்டோடு நின்றார். மாப்பிள்ளையின் கதவு சரியாக அந்தத் தட்டுக்கு நேராக வந்து நின்றது. இன்ஜின் அணைந்தது.

நாராயணசாமி டிரைவர் கதவுக்கு ஓடி வந்தார். கண்ணில் தண்ணீர்.

"மாப்ள! தளும்பத் தளும்பத் தண்ணி வச்சிருந்தாலும் ஒரு சொட்டு சிந்தியிருக்காது. ராசா மாரி கொண்டாந்து எறக்கிட்டீங்க. யாரும் இனிமே உங்களப் பத்தி ஒரு வார்த்த பேசட்டும், பாத்துக்கறேன்!"

ஸ்டியரிங்கிலிருந்து வெற்றிச்செல்வனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. பின்னால், தூரத்தில், வேம்பு கையில் நான்கு எலுமிச்சம்பழத்தோடு மூச்சு வாங்க ஓடி வந்துகொண்டிருந்தார்.

எல்லோரும் கைதட்டினார்கள். சுடர்விழி மட்டும் தட்டவில்லை. பன்னீர்ச் சொம்பைப் பிடித்தபடி, புருஷனையே பார்த்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். கூட்டத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

வெற்றிச்செல்வனுக்குக் கார் ஓட்டத் தெரியாது.